விடிந்தால் கறுக்கும் மெயில்

எண்ணூர் நெடுஞ்சாலையில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் கடல். வலப்பக்கம் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகள். முதுகில் ஒரு பை. வலது கால் செருப்பின் வார் திருவொற்றியூரில், கம்பெனி வாசலிலேயே அறுந்துவிட்டது. வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை ஆபீஸ் அக்கா கையில் திணித்திருந்தாள். அதைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். அது நடக்க நடக்கப் பெருவிரலை அறுத்தது. அண்ணாச்சியின் கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். அப்புறம் மீஞ்சூரில் ஒரு பிரவுசிங் சென்டர், வள்ளூரில் சாம்பல் லாரி கிளீனர், இரண்டு பரோட்டாக் கடை. எல்லா இடத்திலிருந்தும் ஏதோ ஒரு காரணத்துக்காக நடந்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் காலையில் கக்கூசில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று சொன்னதற்காக நடந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். குளிர்சாதன எந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி வைத்திருந்தார். ஐஸ் பேக்டரி, மீன் கிடங்கு, குளிர் கன்டெய்னர் என்று எங்கே எது நின்றுபோனாலும் அங்கிருந்து மெயில் வரும், இங்கிருந்து மெக்கானிக் போவார். கீழே பட்டறையும் ஆபீசும், மாடியில் அவருடைய வீடு. நான் மெக்கானிக்குகளுக்கு டூல்ஸ் பை தூக்குகிற ஆள். ராத்தங்கல் ஸ்டோர் ரூமில், கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு இருந்த இடத்தில். வாடகை வாங்காததால் கேஸ் வாடையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. தலைமாட்டில் மாடியிலிருந்து இறங்கும் கழிவுநீர்க் குழாய். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஆபீசைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வருவாள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருவது அவள் கைக்கு மட்டும்தான். கம்பெனிக்கு இருந்த ஒரே மெயில் முகவரியை அவள்தான் பார்ப்பாள் என்று பெயர். உண்மையில் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே பாஸ்வேர்டு, எல்லா மெக்கானிக் போனிலும் இருந்தது.

இத்தனை பேர் ஒரே பெட்டியைத் திறந்தாலும் அடிதடி இல்லாமல் ஓடியதற்குக் காரணம் ஒரு பழக்கம். படிக்காத மெயில் கறுப்பாக, தடித்த எழுத்தில் இருக்கும் இல்லையா? திறந்தால் மெலிந்துவிடும். அந்தக் கம்பெனியில் கறுப்பு என்றால் வேலை பாக்கி, மெலிந்தது என்றால் முடிந்தது. நீ சும்மா திறந்து பார்த்தாயா, வேலை முடியவில்லையா, மறுபடி கறுப்பாக்கிவிட்டு வெளியே வா. கழற்றிய நட்டை எடுத்த இடத்திலேயே வைப்பது மாதிரி. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே சேர்ந்த இரண்டாவது நாளே எனக்கும் தொற்றிக்கொண்டது.

இப்படி இருக்கையில் அண்ணாச்சி ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சர்வீஸ் சாஃப்ட்வேர் பற்றிச் சொல்லியிருக்கிறார். மெயில் வந்தால் அதுவே எடுக்குமாம், அதுவே டிக்கெட் என்று புகாருக்கு ஒரு எண் போடுமாம், அதுவே ஆளை அனுப்புமாம். திரும்பி வந்ததும் வாங்கிவிட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் வராத விலையில் வாங்கினார்.

டீ குடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் அறிவித்தார். "இது ஒழுங்கா ஓடிச்சின்னா மெயில் பாக்க தனியா ஒரு ஆளு எதுக்கு? இந்த மாசம் பாப்போம். அடுத்த மாசத்துலேர்ந்து நீ வர வேண்டாம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏல, நீ பிரவுசிங் சென்டர்ல கெடந்தவன்தான? அத செட் பண்ணிக் குடு."

பிரவுசிங் சென்டரில் நான் ஆதார் நகல் எடுத்தேன். அதைச் சொல்ல அவர் நேரம் தரவில்லை.

ஆக, அக்காவின் நாற்காலியைப் பிடுங்கப்போகிற சாஃப்ட்வேரை அக்காவின் கம்ப்யூட்டரிலேயே, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் பொருத்த வேண்டியதாயிற்று. அவள் முட்டுக்கட்டை போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடா கேக்குது?"

"உள்ள வர்ற மெயிலுக்கு சர்வர் பேரு கேக்குதுக்கா."

"குடு. கேக்குறதெல்லாம் குடு. பொண்ணு வூட்டாண்ட வந்த சம்பந்தி மாதிரி கேட்டுகினே கீது."

"வெளிய போற மெயிலுக்கும் சர்வர் கேக்குது."

"அதுக்கு வேறயா? வர்ற வழியிலயே போவ மாட்டாங்களாமா?"

"போர்ட் நம்பரு."

"எந்த போர்ட்டு? ராயபுரமா, எண்ணூரா?"

அடுத்து ஆறு இலக்க எண் கேட்டது. அது அண்ணாச்சியின் போனுக்கு மட்டுமே வரும். மாடிப்படியில் நின்று கத்தினேன். "வந்துருக்குடே, இரு, கண்ணாடிய எடுக்கேன்" என்றார். கண்ணாடி கிடைத்தபோது எண் செத்துப்போனது. அடுத்த எண் வந்தபோது கண்ணாடி இருந்தது, போனில் சார்ஜ் இல்லை. கடைசியில் அவர் வீட்டம்மாவுக்குப் பொறுமை போய், கீரைக்காரியிடம் கீரை வாங்க பால்கனியிலிருந்து கயிறு கட்டி இறக்குகிற கூடையில் போனை வைத்து இறக்கிவிட்டார். கூடையில் காலையில் வாங்கிய முளைக்கீரை ஒரு கட்டு இருந்தது. அதன்மேல் எண் மின்னியது. எங்கள் கம்பெனி மெயில் அப்படித்தான் சாஃப்ட்வேரோடு இணைந்தது.

மிச்சக் கேள்விகள் சுலபம். எந்த மெயில்களை எடுக்க வேண்டும், எல்லாவற்றையுமா, படிக்காததை மட்டுமா? எல்லாவற்றையும் என்றால் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வந்த புகார் அத்தனைக்கும் ஆள் கிளம்பிவிடும். படிக்காததை மட்டும் என்று போட்டோம். எடுத்ததும் சாஃப்ட்வேரே அதைப் படித்ததாக மெலிய வைத்துவிடும். யாருக்கு அனுப்ப? வரிசையில் அடுத்து நிற்கும் மெக்கானிக்குக்கு. வாடிக்கையாளருக்கு என்ன பதில்? அதை அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்து, நின்றுகொண்டே சொன்னார்: "தங்கள் புகார் பதிவாகிவிட்டது. அது தீரும்வரை நாங்கள் உறங்க மாட்டோம்."

"கொஞ்சம் ஜாஸ்தியா கீதே அண்ணாச்சி," என்றாள் அக்கா.

"இருக்கட்டும். படிக்கவன் பயப்படணும்லா."

அன்றே கட்டளை பிறந்தது. இனி எவனும் மெயில் பெட்டியைத் தொடக்கூடாது. எல்லா மெக்கானிக்குகளும் வரிசையில் நின்று, என் கண் முன்னால் போனிலிருந்து அதை நீக்கினார்கள். "என் போன்லேர்ந்தும் எடுத்துட்டேன்" என்றார் அண்ணாச்சி. போன் சத்தம் போட்டால் போக வேண்டும், எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்பது மெக்கானிக்குகளுக்குத் தனிக் கட்டளை.

முதல் நாள் சாஃப்ட்வேர் அருமையாக ஓடியது. மெயில் வந்தது, டிக்கெட் விழுந்தது, போன் அலறியது, ஆள் போனார். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்தாள். சாயங்காலத்துக்குள் ஒரு வாரத்துக்கான பூண்டு உரித்துவிட்டாள்.

மறுநாள் காலை, முந்தைய நாள் சரிசெய்த புகார்கள் எல்லாம் மறுபடி உயிரோடு வந்திருந்தன. புது எண், புது டிக்கெட், வேறு மெக்கானிக்.

அதிகம் மாட்டியது காசிமேட்டில் இருந்த ஒரு மீன் கிடங்கு. அங்கே கம்ப்ரசர் ஒரே ஒரு தடவைதான் நின்றது. எங்கள் ஆள் போய்ச் சரிசெய்துவிட்டார். மறுநாள் காலை இன்னொருவர் பையோடு வாசலில் நின்றார். கிடங்கு மேனேஜர், அக்கறையான கம்பெனி என்று நினைத்து டீ வாங்கிக்கொடுத்தார். அதற்கு மறுநாள் மூன்றாவது ஆள். மேனேஜர் "எல்லாம் சரியாகிவிட்டது, நன்றி" என்று ஒரு மெயில் போட்டார். சாஃப்ட்வேர் அந்த நன்றியையும் புகாராகப் பதிந்து, அது தீரும்வரை உறங்க மாட்டோம் என்று பதில் எழுதி, நான்காவது ஆளை அனுப்பியது. அதற்கு அடுத்த காலை நன்றியும் புகாரும் இரண்டும் மறுபடி உயிர்த்து, இரண்டு மெக்கானிக்குகள் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டு, நீ எதுக்கு வந்தே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

சாஃப்ட்வேர் விற்றவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசியதில் ஒன்று மட்டும் புரிந்தது. எடுத்து முடித்த மெயிலை யாரோ மறுபடி கறுப்பாக்குகிறார்கள். சாஃப்ட்வேருக்குக் கறுப்பு என்றால் புதுசு.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு வினாடிகூட யோசிக்காமல் அக்காவைப் பார்த்தார்.

"எல்லாவனும் போன்லேர்ந்து எடுத்தாச்சு. பெட்டி தொறந்து கெடக்கது உன் கம்ப்யூட்டர்லதான். வேல போயிரும்னு சாஃப்ட்வேர கெடுக்கியா?"

"நானு சாந்தரமே வூட்டுக்குப் பூட்றேன். விடிஞ்சாதான் இது கறுக்குது. நான் இன்னா பேயா, புளியந்தோப்புல குந்திகினே கறுப்பாக்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னொரு மட்டம் நடந்துச்சி, மாசக் கடைசி கெடையாது, மறுநாளே நின்னுக்க."

அக்கா பூண்டுத் தோலைத் தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் விடியும்போது நான் பல் விளக்கிக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். மெயில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். எல்லா வரிகளும் மெலிந்து கிடந்தன. மாடியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் காலை இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் மேலே இருந்த வரி கறுத்தது. பிறகு அடுத்த வரி. படித்து முடிக்க ஆகிற நேரம் விட்டு, அதற்கடுத்த வரி. மேலிருந்து கீழே, ஒருவர் நிதானமாக நடந்து வருவது மாதிரி கறுத்துக்கொண்டே வந்தது. மீன் கிடங்கு மேனேஜரின் நன்றியும் கறுத்தது. பிறகு நின்றது.

ஸ்டோர் ரூம் சுவரில் குழாய் தடதடவென்று தண்ணீரோடு இறங்கியது.

நான் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

அக்கா வந்ததும் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. மாடியைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன், திரையைக் காட்டினேன். "அட கலீஜு!" என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் முகம் மாறியது.

"யாரு போயி சொல்றது இத்த? நான் சொன்னா பொய் சொல்றான்னு சொல்லுவாரு. நீ சொன்னா உன்ன தொரத்திருவாரு."

சொல்லாமலே சரிசெய்யவும் வழி இருந்தது. எடுத்த மெயிலை வேறு பெட்டிக்கு மாற்று, அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதே என்று சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் இருந்ததை அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். அதை அழுத்தினால் அண்ணாச்சி எத்தனை காலை எவ்வளவு கறுப்பாக்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அழுத்தினால் சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடும். ஒழுங்காக ஓடினால் அக்கா மாசக் கடைசியில் போக வேண்டும். அழுத்தாவிட்டால் நாளைக்கே போக வேண்டும். மவுஸைப் பிடித்தபடி நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது.

மீன் கிடங்கு மேனேஜர். கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணாச்சியும் மாடியிலிருந்து இறங்கினார்.

"தோ பாரு அண்ணாச்சி, எங்க மொதலாளி கேக்குறாரு, கம்ப்ரசரு தெனம் தெனம் நின்னுகினா நீ இன்னாத்துக்கு மேனேஜருன்னு. ஒரு தபா நின்ன கம்ப்ரசருக்கு எத்தினி பேரு வர்றானுங்கோ! சரின்னு, நன்றின்னு ஒரு மெயிலு போட்டேன். அதுக்கும் ஆளு வர்றான், ஸ்பேனரோட. எத்த ரிப்பேரு பண்ண? நன்றியவா? கான்ட்ராக்ட்டும் வேணாம், ஒண்ணியும் வேணாம். நீ தூங்காம இரு, பரவால்ல. நான் தூங்கணும்."

அண்ணாச்சியின் முகம் வேர்த்தது. சடாரென்று அக்கா பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா? திருப்தியா? எந்திரி. நாளையிலேர்ந்து..."

"அண்ணாச்சி," என்றேன். "அக்கா இல்ல. நீங்கதான் கறுப்பாக்குறீங்க."

"எவம்ல? நானா?"

"காலையில. மாடியில. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி."

அப்போது மாடிப்படியின் மேலிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது. "போனக் கொண்டுக்கிட்டு அதுக்குள்ள போவாதீங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்! உள்ள போனா அரை மணி நேரம். பிள்ளைக வெளிய நிக்கி!"

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்தத் தடவை அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. "எவன் வேல பாக்கான், எவன் பாக்கலன்னு மொதலாளிக்குத் தெரிய வேண்டாமால? நான் படிக்கேன்னு தெரிஞ்சா எல்லாவனும் உசாராயிருவானுவ. அதான் படிச்சிட்டு, தொடாத மாதிரி இருக்கட்டும்னு கறுப்பாக்கி வைக்கேன். இத்தன வருசமா அப்படித்தான வைக்கேன்? எடுத்தத எடுத்த எடத்துலதான வைக்கேன்?"

அது உண்மைதான். முன்பெல்லாம் முடிந்த வேலையும் கறுத்துக் கிடந்தால், எவனோ மெக்கானிக் கைபட்டது என்று அக்கா காலையில் மெலிய வைத்துவிடுவாள். அந்தக் கம்பெனியில் இருந்த எல்லோரும் வைத்த மாதிரியே அவரும் வைத்தார்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கான்ட்ராக்ட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா எனுக்கு அந்த மிஷினு பதிலு வேணாம். இந்தம்மா போடட்டும். இவங்க இருந்தப்போ ஒரு ஆளு வந்தான், போனான். நானும் பதிலு வரலன்னா இவங்களக் கூப்ட்டுத் திட்டிகினேன். மிஷின யாரு திட்டறது?"

"அதுக்கென்ன, அதுக்கென்ன, இன்னைலேர்ந்து மனுசாள்தான் பாக்கும்," என்றார் அண்ணாச்சி ஒரே மூச்சில். அக்காவைப் பார்த்து, "உக்காரும்மா, எதுக்கு நிக்க?" என்றார். எழுந்திரு என்று சொன்னவரும் அவர்தான். அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

பிறகு அண்ணாச்சி என்னைப் பட்டறை ஓரமாகக் கூட்டிப்போனார். கோபமாக இல்லை. சொல்லப்போனால் கூச்சமாக இருந்தார்.

"நீ கெளம்புடே."

"நான் என்ன பண்ணேன் அண்ணாச்சி?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா கீழ ஒருத்தன் குழாய்ப் பக்கம் காத வச்சிக்கிட்டு படுத்துக் கெடக்கான்னு தெரிஞ்ச பொறவு, எனக்கு எப்படில..." மேலே சொல்லாமல் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் செருப்பு அறுந்தது. அக்கா ஸ்டோருக்குள் போய்க் கேபிள் டையோடு வந்தாள். "எங்கினா போயி ஒயுங்கா தச்சுக்கடா," என்றாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் அந்த வாரம் எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்திருக்கும். பைக்கை உதைத்துக் கிளப்பிய மேனேஜர் என்னைப் பார்த்து, "மாமு, நாளைக்கு காலீல காசிமேடு வா, வேல கீது," என்று கத்திவிட்டுப் போனார். ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. நடந்தேன்.

காசிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது பெருவிரல் வீங்கியிருந்தது. இருட்டும்வரை சுற்றிவிட்டு, கரையில் காயப் போட்டிருந்த வலைகள் மேல் படுத்தேன். கேஸ் வாடைக்கு மீன் வாடை பரவாயில்லை. எனக்கு மேலே குழாய் எதுவும் இல்லை.

காலையில் ஏலக்கூச்சல் எழுப்பியது. கிடங்கைத் தேடிப் போனேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க கம்ப்யூட்டர்லாம் தொட மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்போ ஐஸு இழு."

கொக்கியால் ஐஸ் பார் என்கிற நீளக் கட்டியை இழுத்து வந்து அரவை எந்திரத்தின் வாயில் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாலு பார் தள்ளியிருப்பேன், கம்ப்ரசர் ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது. மேனேஜர் ஓடி வந்து, கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார். "உன் பழைய கம்பெனிக்கு நீயே ஒரு மெயிலு போடு. நான் போட்டா எத்தினி பேரு வருவானுங்களோ."

"அக்கா, கம்ப்ரசர் முனகுது. ஆள் அனுப்பவும். ஒரே ஆள்," என்று அடித்து அனுப்பினேன்.

பதில் உடனே வரவில்லை. இன்னும் இரண்டு பார் இழுத்த பிறகு வந்தது. மேனேஜர் சத்தமாகப் படித்தார். "ஆளு கெளம்பிட்டாரு. ஒருத்தருதான். செருப்பு தச்சியா?" போனைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாய்யா இது, செருப்ப பத்தி கேக்குது?"

"எனக்குத்தான்," என்றேன்.

இன்னும் தைக்கவில்லை. அவசரமும் இல்லை. ஐஸ் மேல் வழுக்கக்கூடாது என்று கிடங்கில் எனக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே இடது கால்.